கரண்டிப் புராணம் – 6: ஐம்பத்தைந்தோடு நிறுத்துங்கள்!

நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, ஈ.பி.என்.எஸ். என்றிருந்தால் வெறும் மேல்பூச்சு. சென்ற வாரம் தொடர் அங்கே நின்றது. அதற்குமேல் நினைவூட்டினால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். இந்த வாரம் கறுத்த வெள்ளியைத் துலக்கும் முறைகள் வந்திருக்க வேண்டும். நடுவில் ஹெர்பர்ட் ஹூவர் புகுந்துவிட்டார்.

ஆம், அதே ஹூவர்தான். 1929 பங்குச் சந்தைச் சரிவின்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து, எல்லாப் பழியையும் தலையில் வாங்கிக்கொண்டவர். அதற்கு முன், 1921 முதல் 1928 வரை அவர் வணிகத் துறை அமைச்சர். விரயம் என்றாலே ஆகாது. ஒரே வேலைக்கு எதற்கு இத்தனை அளவு, இத்தனை ரகம் என்று ஒவ்வொரு தொழிலாகக் கூப்பிட்டுக் கேட்டார். சாலையில் பதிக்கும் செங்கல் 66 ரகங்களில் இருந்தது. அதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெத்தை, பால் பாட்டில் எதுவும் தப்பவில்லை. 1920களின் நடுவில் முறை வெள்ளிக் கரண்டிக்கு வந்தது. உற்பத்தியாளர் சங்கமே முன்வைத்த பரிந்துரையை அமைச்சர் ஏற்றுக்கொண்டார்: இனி வரும் எந்தப் புது டிசைனிலும் 55 வகை உருப்படிகளுக்கு மேல் கூடாது.

ஐம்பத்தைந்து என்பது கட்டுப்பாடாம்! அப்படியானால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும்?

நடந்தது இதுதான். ஒரே டிசைனில் நூறு வகைக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள். மத்தி மீனுக்கு ஒரு முள்கரண்டி, சிப்பிக்கு ஒன்று, ஆமைக்கறிக்கு ஒன்று, ஸ்ட்ராபெரிக்கு ஒன்று. ஐஸ்கிரீமுக்கு, நம்புங்கள், முள்கரண்டி. வெள்ளரித் துண்டு எடுக்க ஒரு துடுப்பு, தக்காளித் துண்டுக்கு வேறு. சாரடோகா சிப்ஸ் என்று அன்று அழைக்கப்பட்ட உருளைக்கிழங்கு வறுவலைக் கையால் எடுக்கக் கூச்சப்பட்டவர்களுக்காக வெள்ளியில் தனி அகப்பை செய்தார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைச் சுரண்ட நீண்ட ஒல்லிக் கரண்டி இருந்தது. அது மட்டும் இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புழங்கிய பழைய சரக்கு.

இதை நாகரிகத்தின் உச்சம் என்று சொல்வோர் உண்டு. உண்மையில் இது வியாபாரம். 1859இல் நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கத்தில் வெள்ளி கொட்டத் தொடங்கியது. நூற்றாண்டின் கடைசியில் வெள்ளி விலை விழுந்தது. எஃகு அச்சும் நீராவி இயந்திரமும் சேர்ந்து, தட்டார் நாள் முழுக்கத் தட்டிச் செய்த கரண்டியை நொடியில் அடித்துப் போட்டன. மலிந்த உலோகத்தை விற்க வழி வேண்டாமா? கல்யாணப் பெண் ஒரு டிசைனைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும், அத்தையும் சித்தியும் பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று அதே டிசைனில் ஆயுள் முழுக்க வாங்கித் தருவார்கள். வகை கூடக் கூட விற்பனையும் கூடும்.

ஹூவர் கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. அவர் அடிப்படையில் சுரங்கப் பொறியாளர். ஸ்டான்ஃபோர்டின் முதல் மாணவர் அணியில் 1895இல் பட்டம் பெற்றவர். அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி பர்மாவின் பாட்வின் சுரங்கத்திலிருந்து வந்தது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. அந்தச் சுரங்கத்தில் கிடைத்தவை ஈயம், துத்தநாகம், வெள்ளி. வெள்ளியில் சம்பாதித்தவரே வெள்ளிக்குக் கடிவாளம் போட்டிருக்கிறார்.

சேகரிப்பவர்களுக்கு இதனால் ஒரு கைவிளக்கு கிடைக்கிறது. கட்டுப்பாடு புது டிசைன்களுக்கு மட்டும்தான். கோர்ஹாம் நிறுவனத்தின் ‘ஷான்டிலி’ 1895இல் வந்தது. ரீட் அண்ட் பார்ட்டனின் ‘ஃபிரான்சிஸ் I’ 1907இல். இரண்டும் தப்பித்தன. விசித்திர உருப்படிகள் மேல் ஆசை இருந்தால் 1925க்கு முந்தைய டிசைன்களில் தேட வேண்டும். தினமும் சாப்பிட ஒரு செட் போதும் என்பவர்கள் பிந்தையவற்றைப் பார்க்கலாம், தேர்வு எளிது. எடுத்த எடுப்பில் பன்னிரண்டு பேருக்கான செட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதைவிட, நான்கு பேருக்கு வாங்கி அன்றாடம் புழங்குவது புத்திசாலித்தனம்.

பழைய செட்டுகள் எல்லாம் பிழைத்துவிடவில்லை. 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் ஆறு டாலர் அளவில் இருந்த வெள்ளியை டெக்சாஸின் ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவிக்க, 1980 ஜனவரியில் அது ஐம்பது டாலரை நெருங்கியது. பாட்டி வீட்டுக் கரண்டிகள் கூட்டம் கூட்டமாக உலைக்குப் போயின. மார்ச் மாதம் விலை சரிந்தபோது கரண்டிகள் இல்லை, கட்டிகள்தான் இருந்தன. மறு வருடமே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் பாப் பேஜ் என்பவர் ‘ரீப்ளேஸ்மென்ட்ஸ்’ என்ற கடையைத் தொடங்கினார். செட்டில் தொலைந்துபோன ஒற்றைக் கரண்டியையோ உடைந்த தட்டையோ தேடித் தருவதே அதன் தொழில். கடை இன்றும் நடக்கிறது.

துலக்கும் விஷயத்துக்கு மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். அதில் கத்தியை மட்டும் சொல்லிவிடலாம். கரண்டியும் முள்கரண்டியும் முழு வெள்ளி. பழைய மேசைக் கத்தி பெரும்பாலும் அப்படியல்ல. அலகு எஃகு. கைப்பிடி உள்ளே பொள்ளல். மெல்லிய வெள்ளி உறைக்குள் அரக்கு போன்ற பிசினை நிரப்பி அலகைச் செருகியிருப்பார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சூட்டில் பிசின் இளகினால் அலகு ஆடும், சில சமயம் உறையே வெடிக்கும். வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவி உடனே துடைப்பதுதான் வழி. ஊற வைக்கவே கூடாது. உப்பும் முட்டையும் பட்ட கரண்டிக்கும் இதே அவசரம் வேண்டும்: உப்பு வெள்ளியை அரித்துக் குழி போடும், முட்டையின் கந்தகம் கறுக்க வைக்கும். அந்தக் காலத்து உப்புக் கரண்டிக்கும் முட்டைக் கரண்டிக்கும் குழிப்பகுதியில் தங்கமுலாம் பூசியது ஆடம்பரத்துக்காக மட்டுமல்ல.

அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் செய்யும் வேலை, விபூதியால் தேய்ப்பது சரியா தவறா எல்லாம் நிச்சயமாக அடுத்த வாரம். அதுவரை ஒரு வேண்டுகோள்: வெள்ளிக் கரண்டிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பவர்கள் இன்றே அவிழ்த்துவிடுங்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. அது பட்ட இடத்தில் விழும் கறுப்புக் கோடு லேசில் போகாது.