ஜவ்வரிசி மாதிரி இருக்கும்... கடலையே கலங்கடிக்கும்! - பிளாஸ்டிக் குருணையின் கதை

பார்ப்பதற்கு ஜவ்வரிசி போலவே இருக்கும். ஒன்றிரண்டு கிடந்தால் யார் கண்ணிலும் படாது. ஆனால், 2021 மே மாத இறுதியில் இலங்கையின் மேற்குக் கடற்கரையில், மணல் எது என்றே தெரியாத அளவுக்கு இவை குவிந்து கிடந்தன. பெயர், நர்டில். தமிழில் பிளாஸ்டிக் குருணை.

கொழும்பு அருகே நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' சரக்குக் கப்பலில் மே 20-ம் தேதி தீப்பிடித்தது. அதில் இருந்தவை 1,486 கன்டெய்னர்கள். 25 டன் நைட்ரிக் அமிலமும் அந்தச் சரக்கில் உண்டு. ஏறக்குறைய இரண்டு வாரம் எரிந்த கப்பல், ஜூன் மாதம் மூழ்கியது. அதில் ஏற்றியிருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைதான் பெரும் தலைவலியானது. கடலில் கொட்டிய பிளாஸ்டிக் குருணையில் உலகிலேயே மிகப்பெரிய அளவு இதுதான் என்கிறது ஐ.நா.

பிறக்கும்போதே நுண்பிளாஸ்டிக்!

வாளி, குடம், பாட்டில், கேரி பேக் என எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் இந்தக் குருணைதான். இதை உருக்கித்தான் அச்சில் வார்க்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் துண்டுகளை 'மைக்ரோபிளாஸ்டிக்' என்கிறார்கள். தூக்கியெறிந்த பாட்டில் வெயிலிலும் அலையிலும் நொறுங்கி அந்த அளவுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். குருணைக்கு அந்தக் காத்திருப்பே இல்லை.

மீன்கள் ஏன் ஏமாறுகின்றன?

உருவத்தில் குருணை, மீன் முட்டையை ஒத்திருக்கும். கடலில் மிதக்க மிதக்க அதன் மேல் பாசி படிந்து, இரையின் வாசனையும் வந்துவிடும். கண்ணும் ஏமாறும், மூக்கும் ஏமாறும். வயிறு நிறைந்தது போலத் தோன்றும். சத்து மட்டும் கிடைக்காது. கடல் நீரில் கலந்திருக்கும் பூச்சிக்கொல்லி போன்ற நச்சுகளையும் பிளாஸ்டிக் தன் மேல் ஈர்த்துக்கொள்ளும். விழுங்கும் உயிருக்குள் அதுவும் சேர்ந்தே போகிறது.

கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள்கூட நுண்துகள்களை உண்கின்றன. அவற்றைச் சிறு மீன் தின்ன, சிறு மீனைப் பெரிய மீன் தின்ன, பிளாஸ்டிக் படியேறிப் போகிறது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில், பிளாஸ்டிக்கை விழுங்கிய கடற்பறவைகளின் இரைப்பையில் தழும்புகள் உருவாகியிருப்பதை 2023-ல் கண்டறிந்த விஞ்ஞானிகள், அந்த நோய்க்கு 'பிளாஸ்டிகோசிஸ்' என்றே பெயர் வைத்தார்கள்.

நம் கரைக்கும் வந்தது

2025 மே 25-ம் தேதி கொச்சி அருகே 'எம்.எஸ்.சி எல்சா 3' கப்பல் 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியது. அதிலிருந்து வெளியேறிய குருணை திருவனந்தபுரம் கரையில் ஒதுங்கியது. பிறகு கன்னியாகுமரி, தனுஷ்கோடி என நகர்ந்து, இலங்கையின் வடக்குக் கரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதை அள்ளுவது லேசான வேலை அல்ல. மணலைச் சல்லடையில் சலித்துத்தான் பிரிக்க வேண்டும். இயந்திரத்தை விட்டு வாரினால் மணலும், அதில் வாழும் நண்டுகளும் சேர்ந்து போய்விடும். இன்று சுத்தம் செய்த இடத்தில் நாளை அலை மீண்டும் கொண்டுவந்து கொட்டும். தீயில் வெந்து கருகிய துண்டுகளோ மணலோடு கலந்து அடையாளமே தெரியாது.

இத்தனைக்கும், கப்பலில் ஏற்றும்போது நைட்ரிக் அமிலத்துக்கு இருக்கும் 'ஆபத்தான சரக்கு' என்ற முத்திரை குருணைக்குக் கிடையாது. உறுதியான பேக்கிங் வேண்டும், கூடுமானவரை மேல்தளத்தில் அடுக்கக் கூடாது என்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2024-ல் சொன்னதுகூடப் பரிந்துரைதான், கட்டாயம் அல்ல. எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் 100 கோடி டாலர் இழப்பீடு தர இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. மீன்பிடிக்கத் தடை விதிக்கப்பட்டு, வருமானம் இழந்து நின்ற மீனவக் குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பு வரவே 4 ஆண்டுகள் ஆனது.

அப்படியானால் மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். விழுங்கிய பிளாஸ்டிக் பெரும்பாலும் மீனின் குடலில்தான் தங்கும். குடலை நீக்கிச் சுத்தம் செய்யும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது. முழுசாகச் சாப்பிடும் சிறு கருவாடு, மட்டி, சிப்பி போன்றவற்றில் அந்த வசதி இல்லை.

வீட்டிலிருந்து கடலுக்குப் போவதையும் குறைக்கலாம்.

* பாலியஸ்டர், நைலான் துணிகளைத் துவைக்கும்போது நுண்ணிழைகள் உதிரும். வாஷிங் மெஷினில் துணி சேர்ந்த பிறகு, குளிர்ந்த நீரில், குறைந்த நேரம் ஓட விடுங்கள்.

* ஃபேஸ் ஸ்க்ரப் வாங்கும்போது லேபிளில் 'பாலிஎத்திலின்' இருந்தால் தவிருங்கள்.

* வெயிலில் நைந்த பிளாஸ்டிக் சாக்கு, வாளியை மொட்டைமாடியில் போட்டுவைக்காதீர்கள். அது தூளாகி, மழைநீரோடு கால்வாய்க்குத்தான் போகும்.

கடலில் கலந்த குருணையைத் திரும்ப அள்ள முடியாது. இனி கலக்காமல் தடுக்க முடியும். அதற்கு, அடுத்த கப்பல் மூழ்கும் முன் அந்தப் பரிந்துரை சட்டமாக வேண்டும்.