‘இட்’ என்றால் எது?

மூன்றாமாண்டு, மின்னியல் பிரிவு

சென்ற ஆண்டு மெஷின்ஸ் லேப் ரெக்கார்டில் நான் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். “வென் ஐ கனெக்டட் த அம்மீட்டர் டு த மோட்டார், இட் பர்ன்ட்.” கையெழுத்துப் போட வந்த சார் பேனாவை நிறுத்திவிட்டு, “எதுப்பா எரிஞ்சுது? அம்மீட்டரா, மோட்டாரா?” என்று கேட்டார். மீட்டர் என்றால் எப்படியாவது காசு கட்டிவிடலாம். மோட்டார் என்றால் வீட்டில் ஆட்டைத்தான் விற்கணும்! நல்லவேளை, எரிந்தது மீட்டர்தான். சீரிஸில் போட வேண்டியதை பேரலலில் போட்டிருந்தேன்.

பிறகு பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு டோஃபல் கைடைப் புரட்டினால், என் தப்பு அதில் கேள்வியாகவே நிற்கிறது. ஹி, இட், தே போன்ற பிரதிப்பெயர்ச்சொல் யாரைக் குறிக்கிறது என்பதற்கு ‘ப்ரோநவுன் ரெஃபரன்ஸ்’ என்று பெயர். கூடவே வரும் இன்னொரு தொல்லை ‘பேரலலிசம்’. டோஃபல் ஐ.டி.பி. தேர்வின் இலக்கணப் பகுதியில் 25 நிமிடத்துக்கு 40 கேள்விகள். நம் வங்கித் தேர்விலும் எஸ்.எஸ்.சி. தேர்விலும் ‘எரர் ஸ்பாட்டிங்’ என்ற பெயரில் வருவதும் இதே சரக்குதான்.

கைடுகள் சொல்லும் முதல் அறிவுரை: வாக்கியத்தை மனதுக்குள் வாசித்துப் பார், காதுக்கு இடறினால் அது தப்பு. ஆங்கிலமே கேட்காத வீட்டிலிருந்து வந்த எனக்கு அந்தக் காது எங்கிருந்து வரும்? ஒன்று, எல்லா வாக்கியமும் இடறும். இல்லாவிட்டால் எதுவுமே இடறாது. ஆனால் இந்த இரண்டு வகைக் கேள்விக்கும் காது வேண்டாம் என்பது என் அனுபவம். ஒயரிங்கில் லைனைப் பிடித்துக்கொண்டு போவது போல் போனால் போதும்.

முதலில் ப்ரோநவுன். ‘இட்’டிலிருந்து பின்னோக்கி பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். அது ஒரே ஒரு பெயரில் போய் நின்றால் சரி. இரண்டு பெயரில் நிற்க முடிந்தால் என் அம்மீட்டர் கதை. எதிலுமே நிற்காவிட்டால் ஓப்பன் சர்க்யூட்: “இன் ஜப்பான் தே மேக் குட் மோட்டார்ஸ்” என்பதில் அந்த ‘தே’ யார்? ஆளே இல்லை. அடுத்து, ஒருமை பன்மை. “ஈச் ஆஃப் த மோட்டார்ஸ் ஹேஸ் தேர் ஓன் ஸ்டார்ட்டர்” என்பதில் கோடு ‘மோட்டார்ஸ்’ஸில் நிற்பது போல் ஏமாற்றும். உண்மையில் நிற்பது ‘ஈச்’சில். ஆகவே ‘இட்ஸ்’.

நாம் ஏன் இதில் வழுக்குகிறோம் என்று யோசித்தேன். தமிழில் ‘தான்’ என்று ஒரு சொல் இருக்கிறது. “தான் தேறிவிட்டதாக ராமு மணியிடம் சொன்னான்” என்றால் தேறியது ராமு. “அவன் தேறிவிட்டதாக” என்றால் மணியாகவோ மூன்றாவது ஆளாகவோ இருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஹி’தான். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது மனதில் இருக்கும் தெளிவு தாளில் இறங்குவதில்லை.

கேள்வி எடுப்பவர்களே வழுக்கிய கதையும் உண்டு. அமெரிக்காவில் 2002 அக்டோபரில் நடந்த பி.எஸ்.ஏ.டி. தேர்வில், ‘டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ்’ என்று தொடங்கி, பின்னால் ‘ஹெர்’ என்று வரும் ஒரு வாக்கியம். (மாரிசன் 1993-இல் இலக்கிய நோபல் பெற்றவர்.) தப்பு எதுவும் இல்லை என்பதே அவர்கள் வைத்திருந்த விடை. மேரிலாந்து மாநில உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் விடவில்லை. ‘மாரிசனின்’ என்பது மேதைமைக்கு அடைமொழி, அங்கே மாரிசன் தனிப் பெயராக இல்லை, பிறகு ‘ஹெர்’ யாரைக் குறிக்கும் என்று வாதாடினார். 2003-இல் அந்தக் கேள்வியையே நீக்கி, மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிட்டார்கள்! அப்படி ஒரு விதியே கிடையாது என்று மொழியியல் அறிஞர்கள் பலர் எழுதினார்கள். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. “மாரிசனின் மேதைமை அவரை எழுத வைக்கிறது” என்றால் நமக்குப் புரியாமலா போகிறது?

இனி பேரலலிசம். மீட்டரை எரித்தவனுக்கு பேரலல் என்றாலே பயம்! ஆனால் பேரலலில் போட்ட பல்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே சப்ளையோடு சேர வேண்டும். “த எலக்ட்ரீஷியன் செக்ட் த கேபிள், டைட்டன்ட் த நட் அண்ட் ரிமூவிங் த ஃபியூஸ்” என்பதில் ‘எலக்ட்ரீஷியன் ரிமூவிங்’ ஒட்டவில்லை. ‘ரிமூவ்ட்’ என்றால் எரியும்.

என் பல்பு உதாரணம் ஓர் இடத்தில் கை கொடுக்காது. “ஐ லைக் ரீடிங், டிராயிங் அண்ட் டு ஸ்விம்” என்பதில் மூன்றுமே தனித்தனியே ஒட்டுகின்றன. ஆனாலும் தேர்வில் தப்பு. ஒட்டினால் போதாது, வடிவமும் ஒன்றாக இருக்கணும். இதற்கு நம் எண்ணும்மைதான் சரியான உதாரணம். “பாலும் பழம் வாங்கினேன்” என்று யாராவது சொல்வோமா? ஒன்றுக்கு ‘உம்’ போட்டால் எல்லாவற்றுக்கும் போடுகிறோம்.

‘நாட் ஒன்லி... பட் ஆல்சோ’ வந்தால் இரண்டுக்கும் அடுத்து நிற்கும் சொல்லை மட்டும் பாருங்கள். “ஹி நாட் ஒன்லி ரிப்பேர்ஸ் மோட்டார்ஸ் பட் ஆல்சோ ஃபேன்ஸ்” என்பதில் ஒரு பக்கம் வினைச்சொல், மறுபக்கம் பெயர்ச்சொல். ‘ரிப்பேர்ஸ்’ஸை ‘நாட் ஒன்லி’க்கு முன்னால் தள்ளினால் தராசு நேராகிவிடும்.

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன்: “த வார்டன் டோல்ட் த குக் தட் ஹி ஷுட் டேஸ்ட் த சாம்பார், வாஷ் த வெசல்ஸ் அண்ட் லாக்கிங் த ஸ்டோர்.” இதில் இரண்டு தப்பு உண்டு. சாம்பாரை ருசி பார்க்க வேண்டியது யார் என்று கண்டுபிடிப்பவர்கள், தயவுசெய்து மெஸ்ஸிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.