சீந்தில் கொடி: தினமும் கஷாயம் குடிக்கலாமா? கல்லீரலுக்கு ஆபத்தா?

ராயப்பன்பட்டி, உத்தமபாளையம், கம்பம் பக்கம் வேலியிலும் வேப்பமரத்திலும் இதய வடிவ இலையோடு ஏறிக் கிடக்கும் கொடிதான் சீந்தில். வட இந்தியாவில் கிலோய், ஆயுர்வேதத்தில் குடுச்சி. தண்டை வெட்டினாலும் மேலிருந்து வேர் விட்டு மறுபடி தழைத்துவிடும். அதுக்கேற்ற மாதிரி 'சாகாமூலி'ன்னும் ஒரு பெயர் உண்டு.

கொரோனா காலத்தில் என்ன நடந்தது?

காய்ச்சல், சர்க்கரை நோய்க்கு இதன் தண்டைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். 2020 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட கோவிட் வழிகாட்டு நெறிமுறையிலும் சீந்தில் இருந்தது. ஆனால் 15 நாள் அல்லது ஒரு மாதம், இல்லையெனில் மருத்துவர் சொல்லும் காலம் வரை என்று அதில் அளவு இருந்தது. பலர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

கல்லீரல் பாதிப்பு உண்மையா?

2020 கடைசியில் மும்பையில் சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவர்கள் 2021-ல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். 2022-ல் 13 மையங்களைச் சேர்ந்த 43 நோயாளிகள் பற்றிய ஆய்வு வந்தது. நோய் எதிர்ப்பு சக்தியே சொந்தக் கல்லீரலைத் தாக்கும் அறிகுறி பலரிடம் தெரிந்தது.

ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, அதே மாதிரி இருக்கும் வேறு கொடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்றது. 2022 ஆய்வு செய்த மருத்துவர்களோ, சரியான சீந்திலே சிலருக்குப் பிரச்னை தரலாம் என்கிறார்கள்.

எப்படி அடையாளம் காண்பது?

சீந்தில் தண்டு பச்சை நிறம், அதில் முண்டு முடிச்சு இருக்காது, உடைத்தால் பால் வராது. மற்ற கொடியின் தண்டு சாம்பல் நிறம், சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும், பால் வரும்.

யார் கவனமாக இருக்கணும்?

தைராய்டு, முடக்குவாதம் போன்ற ஆட்டோஇம்யூன் நோய் இருப்பவர்களும், கல்லீரல் நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு சர்க்கரை அளவு கூடுதலாக இறங்கலாம்.

மஞ்சள் காமாலைக்கும் சீந்தில் கொடுக்கும் வழக்கம் உண்டு. இங்கேதான் சிக்கல். கஷாயம் குடிக்கும்போது கண் மஞ்சளானால், சிறுநீர் அடர்நிறமானால் உடனே நிறுத்திவிட்டு கல்லீரல் பரிசோதனை செய்யணும். "என்ன மருந்து சாப்பிடுறீங்க?"ன்னு டாக்டர் கேட்டா, கஷாயத்தையும் சேர்த்தே சொல்லுங்க.