நிலமட்ட மரத்தளம்: அனுமதிப்பத்திரம் தேவைப்படாதபோதும் அறிந்திருக்க வேண்டியவை

ரொறன்ரோவின் கோடைகாலம் குறுகியது. அதனை வெளியில் அமர்ந்து கழிப்பதற்காகப் பல குடும்பங்கள் பின்வளவில் ‘டெக்’ எனப்படும் மரத்தளத்தை அமைக்கின்றன. கூரையற்ற தளத்தின் மேற்பரப்பு அடுத்துள்ள நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும், தளம் வீட்டின் பிரதான வாயிலின் பகுதியாக அமையாமலும் இருப்பின், பொதுவாகக் கட்டட அனுமதிப்பத்திரம் தேவைப்படாது. சரிவான வளவில் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும் தளம் மறுபக்கத்தில் இவ்வுயரத்தைத் தாண்டக்கூடும். ஆகையால் எல்லாப் பக்கங்களிலும் அளந்து பார்த்தல் அவசியம்.

அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்பதற்கு விதிகளே இல்லை என்பது பொருளன்று. விண்ணப்பம் இல்லாதபோது வரைபடத்தைச் சரிபார்க்கும் அலுவலரும், வேலையைப் பார்வையிடும் பரிசோதகரும் இல்லை. எனவே பிழைகளைத் தவிர்க்கும் பொறுப்பு முழுவதும் வீட்டு உரிமையாளரையே சாரும்.

எல்லையும் மரங்களும்

நகரின் 569-2013 இலக்க வலயத் துணைவிதி, வளவின் எல்லையிலிருந்து தளம் எவ்வளவு தள்ளி அமைய வேண்டும் என்பது போன்றவற்றை நிர்ணயிக்கிறது. தாழ்வான தளத்துக்கும் இவ்விதி பொருந்தும். தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளக்கும்போது 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரங்கள் நகரின் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வெட்டுவதற்கு மட்டுமன்றி, வேர்களுக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய தோண்டலுக்கும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அயலவரின் வளவில் நிற்கும் மரமும் இதில் அடங்கும்.

தோண்டுவதற்கு முன்

ஒரேயொரு தூணுக்காகக் குழி தோண்டினாலும், முதலில் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவித்தல் சட்டப்படி கட்டாயமாகும். வீட்டு உரிமையாளர்களுக்கு இச்சேவை இலவசம். நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் செல்லும் வழிகள் நிறங்களால் அடையாளமிடப்படும்: எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, குடிநீருக்கு நீலம். அடையாளமிட்டு முடியும்வரை மண்வெட்டியால்கூடத் தோண்டலாகாது. வீட்டிலிருந்து தனிக் கராஜுக்கோ நீச்சல் தடாகத்துக்கோ உரிமையாளரே இட்ட இணைப்புகள் இதில் அடையாளமிடப்படுவதில்லை. அவற்றைக் கண்டறியத் தனியார் சேவையை அமர்த்த வேண்டும்.

உறைபனியின் தாக்கம்

தென் ஒன்ராறியோவில் அத்திவாரத்தின் ஆழம் வழக்கமாக 1.2 மீற்றராகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேலுள்ள ஈரமண் குளிர்காலத்தில் உறைந்து வீங்கி, தன்மீதுள்ளதை உயர்த்தும். இளவேனிலில் மீண்டும் தாழும். வீடு ஆழமான அத்திவாரத்தில் அசையாது நிற்கும். ஆழமற்ற கற்கட்டைகளில் அமர்ந்த தளத்தை அவ்வீட்டுடன் பிணைத்தால், இணைப்பு ஆண்டுதோறும் இழுபட்டுத் தளர்ந்துவிடும். ஆகவே தாழ்வான தளத்தை வீட்டைத் தொடாமல் தனித்து நிற்குமாறு அமைப்பதே எளிது. வீட்டுடன் இணைப்பதாயின் தூண்களின் அத்திவாரம் உறைபனி எட்டாத ஆழத்துக்குச் செல்ல வேண்டும். வெளிச்சுவரில் முகப்பாக அடுக்கப்பட்ட செங்கல் தளத்தின் பாரத்தைத் தாங்குவதற்கானதன்று. அதில் பலகையை ஆணியடித்து நிறுத்துதல் ஆபத்தானது.

நீர் வடிய வழி

வளவுகளின் எல்லையோரம் காணப்படும் ஆழமற்ற பள்ளம் மழைநீர் வடிவதற்கென அமைக்கப்பட்டது. அதனை மண்ணிட்டு நிரப்பினால் நீர் அயலவரின் வளவுக்கோ சொந்த நிலவறைக்கோ திரும்பும். தளத்தின் அடியில் புல்லையும் மேல்மண்ணையும் அகற்றி, வீட்டிலிருந்து விலகிச் சரியுமாறு நிலத்தைச் சமன்செய்து, சரளைக்கல் பரப்ப வேண்டும். மண்ணைத் தொடும் மரம் நிலத்தொடுகைக்கெனப் பதப்படுத்தப்பட்டதாக இருத்தல் வேண்டும். பலகைகளுக்கிடையே விடப்படும் இடைவெளி ஈரம் விரைவில் உலர உதவும்.

ஒப்பந்தக்காரரை அமர்த்தினாலும் இவ்விடயங்களை உரிமையாளர் நேரில் உறுதிசெய்வது நன்று. ஐயமிருப்பின், மரம் வாங்குவதற்கு முன்னரே 311 இலக்கத்தை அழைத்து, தமிழில் உரையாட மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம்.