ஒரு புகார் ஜெயிச்சது, ஒரு லட்சம் புகார் நின்ன இடத்துலயே நின்னது: பிபிசி-ல முறையிட்டா என்ன நடக்கும்?

செய்தி சேனல்களோட நடுநிலை பத்தி எப்ப பேசினாலும் யாராவது ஒருத்தர் கேட்கிற கேள்வி இது: "பிபிசி மாதிரி மக்கள் காசுல ஓடுற சேனல் தப்பா செய்தி போட்டா, பார்க்கிறவன் என்னதான் செய்றது?" புகார் கொடுக்கலாம். கொடுத்தா பதிலும் வரும். ஆனா பிரிட்டன்ல அந்தப் பதில் கையில கிடைச்சவங்கதான் முன்னைவிடக் கடுப்பா இருக்காங்க. ஏன் அப்படின்னுதான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல காசு விஷயம். நெட்ஃபிளிக்ஸ் பிடிக்கலன்னா கேன்சல் பண்ணிடலாம். பிரிட்டன்ல எந்த சேனலை நேரலையில பார்த்தாலும், பிபிசி-யோட ஐபிளேயரைத் திறந்தாலும், டிவி லைசென்ஸ் வேணும். 2025 ஏப்ரல்ல அதோட வருஷக் கட்டணம் 174.50 பவுண்டு ஆச்சு. கட்டாம பார்த்தா கோர்ட்டு வரைக்கும் போகும், அது குற்றம். அதனால "பிடிக்கலன்னா பார்க்காதீங்க"ங்கிற வழக்கமான பதில் அங்க செல்லாது. காசு கட்டினவனுக்கு இருக்கிற ஒரே வழி புகார்தான்.

அந்த வழி எப்படிப் போகுதுன்னு பாருங்க. நிகழ்ச்சி ஒளிபரப்பாகி 30 வேலை நாளுக்குள்ள எழுதணும். முதல் கட்டம் 1ஏ. இங்க வர்ற பதில் பெரும்பாலும் அச்சடிச்ச மாதிரி இருக்கும். ஒரே விஷயத்தைப் பத்தி நிறைய பேர் எழுதினா எல்லாருக்கும் ஒரே பதில்தான், அதை விதியே அனுமதிக்குது. திருப்தி இல்லன்னா 20 வேலை நாளுக்குள்ள திரும்ப எழுதணும், அது 1பி. அதுவும் சரிப்படலன்னா இரண்டாம் கட்டம், எக்ஸிக்யூட்டிவ் கம்ப்ளெய்ன்ட்ஸ் யூனிட், சுருக்கமா இ.சி.யு. நிகழ்ச்சி தயாரிக்கிறவங்களோட சம்பந்தமில்லாத தனிப்பிரிவு, ஆனா பிபிசி-க்கு உள்ளேயே இருக்கிற பிரிவு. அதுக்கும் அப்புறம்தான் ஆஃப்காம், அதாவது வெளியில இருக்கிற அரசு ஒழுங்காணையம். 2017 ஏப்ரல் வரைக்கும் இந்தக் கடைசிப் படியில பிபிசி டிரஸ்ட் இருந்தது. நேரா ஆஃப்காமுக்குப் போனா, "முதல்ல பிபிசி-கிட்ட முடிச்சிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. இந்த ஏற்பாட்டுக்கு "பிபிசி ஃபர்ஸ்ட்"னே பேரு.

சப்போர்ட் டீம்ல வேலை பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். எல்-1, எல்-2, எல்-3. நம்ம டிக்கெட்டை எல்-1-ல எடுக்கிறவருக்குக் கோடைத் தொட அதிகாரம் கிடையாது. அவர் வேலை குறிச்ச நேரத்துக்குள்ள பதில் போடுறது. நாம "இந்த ஃபங்ஷன் தப்பான விடை தருது"ன்னு சொல்றோம், அவர் "எங்கள் தரத்தை நாங்கள் மிகவும் முக்கியமாகக் கருதுகிறோம்"னு எழுதி டிக்கெட்டை மூடுறார். அவர் கணக்குல அது முடிஞ்ச வேலை. நம்ம கணக்குல பக் அப்படியே இருக்கு.

சரி, நிஜ சம்பவங்களுக்கு வருவோம்.

2019 ஜூலை 17, பிபிசி பிரேக்ஃபாஸ்ட். நான்கு அமெரிக்கப் பெண் எம்.பி.க்களைப் பார்த்து "வந்த இடத்துக்கே திரும்பிப் போங்க"ங்கிற மாதிரி டிரம்ப் ட்வீட் போட்ட வாரம். தொகுப்பாளர் நாகா முன்செட்டி, தன்னையும் அப்படிச் சொன்னப்பெல்லாம் அதுக்குப் பின்னாடி இனவெறி இருந்ததுன்னு நேரலையில சொன்னார். பக்கத்துல இருந்த டான் வாக்கர் கேட்டுத்தான் அந்தப் பேச்சே நீண்டது. ஒரு பார்வையாளர் புகார் கொடுத்தார். முதல் கட்டத்துல தள்ளுபடி. அவர் விடாம மேல போனார். செப்டம்பர்ல இ.சி.யு அதை ஓரளவு ஏத்துக்கிட்டது: டிரம்ப்போட நோக்கத்தைப் பத்திக் கருத்துச் சொன்னது விதிமீறல்னு தீர்ப்பு. ஆனா வாக்கர் மேல எதுவும் இல்ல. ஆரம்பப் புகார்ல அவர் பேரும் இருந்தது, கடைசிக் கட்டத்துக்கு வந்த கடிதம் முன்செட்டி மேல இருந்ததால அதை மட்டும் பார்த்தோம்னு விளக்கம் சொன்னாங்க.

ஊரே கொந்தளிச்சது. செப்டம்பர் 30 அன்னைக்கு அப்போதைய டைரக்டர் ஜெனரல் டோனி ஹால் அந்தத் தீர்ப்பை ரத்து செஞ்சார். எனக்கு அந்த முடிவு சரின்னுதான் படுது. ஆனா அது வந்த வழியை நினைச்சா நெருடுது. தனிப்பிரிவோட தீர்ப்பை, வெளியில சத்தம் அதிகமானதும், மேல இருக்கிறவர் மாத்த முடியும்னா அந்தத் "தனி"ங்கிற சொல்லுக்கு என்ன பொருள்? ஆஃப்காமும் நிகழ்ச்சியில தப்பு இல்லன்னு சொல்லிட்டு, புகார் விசாரிக்கிற முறையில வெளிப்படைத்தன்மை இல்லைங்கிறதைக் கவலையோட சுட்டிக் காட்டிச்சு.

இதுக்கு நேர் எதிர்ப் பக்கம் 2021 ஏப்ரல். இளவரசர் பிலிப் இறந்தப்போ பிபிசி ஒன், பிபிசி டூ ரெண்டுலயும் ஒரே நினைவு நிகழ்ச்சி. வந்த புகார் 1,09,741. கூட்டம் தாங்காம அதுக்குன்னு தனி ஃபார்ம் வச்சாங்க. அப்புறம் "புகார் கொடுக்கிறதை இவ்வளவு சுலபமாக்கிட்டீங்களே"ன்னு சிலர் அதுக்கும் புகார் கொடுத்தாங்க. (பிரிட்டிஷ்காரங்க பிரிட்டிஷ்காரங்கதான்.) இது தேசிய முக்கியத்துவம் உள்ள தருணம், யோசிச்சுத்தான் முடிவெடுத்தோம்னு எல்லாருக்கும் ஒரு பொதுப் பதில் வந்தது. அவ்வளவுதான்.

எண்ணிக்கையை வச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாதுங்கிறது நியாயம்தான். இல்லன்னா எந்தக் கட்சிக்கு ஐ.டி விங் பெருசோ அதுக்குத்தான் செய்தி சாதகமா வரும். பிபிசி-க்கு வருஷத்துக்கு லட்சக்கணக்குல புகார் வருது, அதுல ஒரே வாசகத்தைக் காப்பி பண்ணி அனுப்புறதும் உண்டு. அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தா அவங்க கஷ்டமும் தெரியும்.

எனக்கு ஒத்துக்க முடியாதது பிபிசி ஆதரவாளர்கள் பல வருஷமா சொல்ற ஒரு வாதம்: "இடதும் திட்டுது, வலதும் திட்டுது, அப்ப நாங்க நடுவுலதான் இருக்கோம்." உங்க ஆப் ஒரு யூசருக்கு பில் தொகையை அதிகமா காட்டுது, இன்னொருத்தருக்குக் குறைச்சலா காட்டுது. சராசரி சரியா இருக்குன்னு சொல்லி ரெண்டு டிக்கெட்டையும் மூடுவீங்களா? ரெண்டும் தனித்தனி பக். ஒவ்வொண்ணையும் திறந்துதான் பார்க்கணும்.

திறந்து பார்க்க எவ்வளவு நாள் ஆகும்ங்கிறதுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் சம்பவம். 2021 நவம்பர் 29, லண்டன். ஹனுக்கா பண்டிகை கொண்டாடிய யூத இளைஞர்கள் போன பஸ்ஸைச் சிலர் தாக்கினாங்க, எச்சில் துப்பினாங்க. பிபிசி செய்தியில, பஸ்ஸுக்கு உள்ளேயிருந்து முஸ்லிம்களுக்கு எதிரான வசைச் சொல் கேட்டதுன்னு ஒரு வரி. தாக்கப்பட்டவங்க மேலயே பழி. அது வசை இல்ல, யாருக்காவது போன் பண்ணுங்கன்னு பதற்றத்துல ஹீப்ரூ மொழியில சொன்னதுன்னு யூத அமைப்புகள் நிபுணர்களை வச்சு ஆராய்ஞ்சு காட்டினாங்க. இந்தப் புகாரை வழக்கமான படிகளைத் தாண்டி நேரா இ.சி.யு-வுக்கே அனுப்பினாங்க. அப்படியும் தீர்ப்பு வந்தது 2022 ஜனவரி கடைசியில. கிட்டத்தட்ட எட்டு வாரம், அந்த வரி கேள்விக்குள்ளாகி இருக்குன்னு கட்டுரையில ஒரு குறிப்புகூட இல்ல.

நவம்பர்ல ஆஃப்காம் சொன்னதை நான் ரெண்டு முறை படிச்சேன். செய்தி போட்ட அன்னைக்கு நடந்ததைவிட, மறுப்பு வந்த பிறகும் அதைச் சொல்லாம இருந்ததுதான் கடுமையான ஆசிரியத் தவறுன்னு அது சொல்லுது. ஆனா டிவி செய்தி ஒளிபரப்பு விதியை மீறலன்னும் அதே அறிக்கையில இருக்கு. இணையக் கட்டுரையைப் பத்தி ஆஃப்காமால கருத்து மட்டும்தான் சொல்ல முடிஞ்சது, தண்டிக்கிற அதிகாரம் கிடையாது. 2024 ஜனவரியில வந்த அரசாங்க இடைக்கால ஆய்வு, ஆஃப்காமோட வரம்பை இணையத்துக்கும் நீட்டணும், புகார் விசாரணையை பிபிசி போர்டு நெருக்கமா கண்காணிக்கணும்னு பரிந்துரைச்சது.

புகார் கொடுக்கிறவங்க கேட்கிறது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: தப்பு எங்க வந்ததோ அங்கேயே, சீக்கிரமா, திருத்துங்க. இந்த வரிசையில அது கடைசிப் படியில இருக்கு. முன்னாடி இருக்கிற படியெல்லாம் எடுத்த முடிவை விளக்குறதுக்காகக் கட்டினது. ராத்திரி 10 மணிச் செய்தியில போன தப்புக்கான திருத்தம், மாசக்கணக்குல கழிச்சு வெப்சைட்ல ஒரு திருத்தப் பக்கத்துல வருது. அன்னைக்குச் செய்தி பார்த்த எத்தனை பேர் அங்க போய்ப் பார்ப்பாங்க?

வேற மாதிரிக் கட்ட முடியாதா? நம்ம சென்னையிலயே உதாரணம் இருக்கு. 2006-ல தி இந்து நாளிதழ், இங்கிலாந்தோட கார்டியனைப் பார்த்து, வாசகர்களுக்கான ஆசிரியர்னு தனிப் பதவி வச்சது. புகாரை வாங்கி, விசாரிச்சு, திருத்தத்தை அதே பேப்பர்ல தன் பேர்ல எழுதுற ஆள். ஆஸ்திரேலியாவோட பொது ஒலிபரப்பாளர் ஏபிசி 2022-ல நேரா போர்டுக்குப் பதில் சொல்ற ஆம்பட்ஸ்மனை நியமிச்சது. அங்கயும் சண்டை ஓயல. ஆனா "யார் தீர்ப்பு சொன்னது?"ன்னு கேட்டா காட்ட ஒரு முகம் இருக்கு.

ஹாரோவுலயோ ஈஸ்ட் ஹாமுலயோ இருந்து கேட்கிறவங்களுக்கு: எழுதுறதா இருந்தா ஒரே ஒரு உண்மைப் பிழையை எடுங்க. தேதி, நிகழ்ச்சி, எத்தனையாவது நிமிஷம், எந்த வாக்கியம், எந்த விதி. ஆயிரம் வார்த்தைக்குள்ள முடிங்க. சொல்ல வேண்டியதை முதல் கடிதத்துலயே சொல்லிடுங்க, பின்னாடி புதுசா சேர்த்தா எடுத்துக்க மாட்டாங்க. "நீங்க எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா அச்சடிச்ச பதில் உறுதி.

இங்க உட்கார்ந்து பிபிசி தமிழ் படிக்கிற நமக்கு அந்தக் கடைசிப் படியும் கிடையாது. உலக சேவை ஆஃப்காமோட வரம்புக்குள்ளயே வராது.