“குத்துது அம்மாயி!” - ஒற்றை வார்த்தையில் நின்றுபோன ஊசிகள் மறுபடி பின்ன ஆரம்பித்த கதை

ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின வாரம் குன்னூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வரும். முறுக்கு, வர்க்கி, அரை கிலோ டீத்தூள். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய பேப்பரில் சுற்றி வைத்த ஸ்வெட்டர் ஒன்று இருக்கும். வீட்டில் ஒருவருக்கு ஒரு வருடம் என்று முறை வைத்து, அம்மாயி தன் கையால் பின்னியது.

எனக்கு முறை வந்த வருடம், நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கிளிப்பச்சை நிறத்தில் கனமான ஸ்வெட்டர். போட்டுப் பார்த்துவிட்டு உடனே போன் செய்தேன்.

“சென்னையில இதைப் போட்டுக்கிட்டு நான் எங்க போறது? அதுவும் கழுத்துல குத்துது அம்மாயி!”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். “சரி கண்ணு, விடு” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் பார்சலில் முறுக்கு இருந்தது, வர்க்கி இருந்தது, டீத்தூள் இருந்தது. ஸ்வெட்டர் இல்லை. அது எனக்குத் தெரியக்கூட இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் கூச்சமாக இருப்பதற்குக் காரணம்.

“பெட்டியை மூடிட்டாங்க!”

இரண்டு வருடம் கழித்து, பெங்களூரில் இருக்கும் அக்கா கர்ப்பமானாள். டிசம்பரில் பிரசவம். பெங்களூரு டிசம்பர் குளிருக்குக் குழந்தைக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் அம்மாயி பின்னிவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். நான்தான் போன் செய்தேன்.

“இப்பெல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல சாமி. கடையில நல்லதா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லு” என்றார்.

அம்மாவிடம் சொன்னபோது, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். “கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு. பேப்பரே கண்ணாடி போட்டுப் படிக்கறாங்க. நீ குத்துதுன்னு சொன்ன அன்னிக்கே பெட்டியை மூடிட்டாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னாங்க.”

ஐப்பசி மழையில், நாலு நாள் லீவு போட்டுவிட்டு மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினேன்.

பிஸ்கட் டப்பாவும் ஒரு நோட்டும்

‘பெட்டி’ என்பது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே நாலைந்து ஜோடி ஊசிகள், மிச்ச நூல் உருண்டைகள், ஒரு டேப், அட்டை கிழிந்த ஒரு நோட்டு. குன்னூரில் கான்வென்ட்டில் படித்தபோது 12 வயதில் பின்னக் கற்றுக்கொண்டாராம். இப்போது வயது 74.

நோட்டைப் புரட்டினேன். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெரிய மாமாவின் மார்பளவு, அம்மாவின் கை நீளம், அக்காவுக்கு மூன்று வயதில் எடுத்த அளவு, ஏழு வயதில் எடுத்த அளவு... என் பக்கத்தின் கடைசி வரியில், அந்தத் தீபாவளித் தேதி போட்டு, ‘கழுத்து குத்துது’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“மன்னிச்சிரு அம்மாயி” என்றேன்.

“இதுல மன்னிக்க என்ன இருக்கு? பிடிக்காததை அனுப்பினா, அதை வெக்கறதுக்கு நீ ஒரு எடம் தேடணும். அந்தச் சிரமம் உனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

“அப்ப எனக்குச் சொல்லிக்குடு. குழந்தைக்குக் குல்லா நான் பின்றேன்” என்றேன். ஊசியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஏன் குத்துகிறது?

திரும்பி வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கம்பளி குத்துவதற்கு எப்போதும் அலர்ஜி காரணமில்லை. சுமார் 30 மைக்ரானைவிடத் தடிமனான இழைகளின் முனைகள் எளிதில் வளையாமல் தோலில் குத்துகின்றன. மெரினோ போன்ற மெல்லிய கம்பளியில் இந்தத் தொல்லை குறைவு. தவிர, நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது அக்ரிலிக் நூல்தான். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெக்கையான ஊருக்குப் பின்னல் ஆகாது என்று நான் நினைத்ததும் தப்பு. உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பின்னல்களில், எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைகளும் உண்டு. நூலை மாற்றினால் போதும்.

இன்னொன்று. நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டை உற்றுப் பாருங்கள். குட்டிக் குட்டி ‘வி’ வடிவக் கண்ணிகள் வரிசையாக நிற்கும். அம்மாயி ஊசியில் போடுகிற அதே கண்ணிதான். 1589-ல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்று திருப்பூரை ‘பனியன் நகரம்’ ஆக்கியிருக்கும் பின்னலாடைத் தொழில்.

72 கண்ணிகளின் கணக்கு

பின்னலில் இருப்பது இரண்டே அசைவுகள். ‘நிட்’, ‘பர்ல்’. ஒன்றின் பின்பக்கம்தான் மற்றது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு நாள் ஆனது. முதல் நாள் மூன்று முறை பின்னி, மூன்று முறையும் பிரித்தேன். “பிரிச்சா நூலு ஒண்ணும் வீணாகாது, திருப்பிச் சுத்திக்கலாம்” என்று அம்மாயி உருண்டையைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

இரண்டாம் நாள் கணக்குப் பாடம். முதலில் ஒரு சதுரத் துண்டு பின்னி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ண வேண்டும். எனக்கு 22 வந்தது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்டிமீட்டர். குல்லா பிடிப்பாக நிற்க, 32 வைத்தால் போதும். அப்படியானால் 70 கண்ணி. ஆனால் ஓரத்தில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறி வர, எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். ஆக, 72.

மூன்றாம் நாள் மாலை, நான் கேட்காமலே அம்மாயி இன்னொரு ஜோடி ஊசியை எடுத்தார். “குல்லா மட்டும் அனுப்பினா நல்லாவா இருக்கும்? மேல போட ஒண்ணு வேணுமில்ல?” மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் ஒன்றும் பேசாமல் பின்னிக்கொண்டிருந்தோம்.

காதலனுக்கு ஸ்வெட்டர் ஆகாதாம்!

பின்னுகிறவர்கள் உலகில் சுவாரஸ்யமான சங்கதிகள் நிறைய. ‘ஸ்வெட்டர் சாபம்’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. காதலனுக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தால், அது முடிவதற்குள் காதல் முடிந்துவிடுமாம்!

‘நிட்வொர்த்தி’ என்று இன்னொரு வார்த்தை. கையால் பின்னிக் கொடுத்ததன் அருமை தெரிந்தவர் என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் நான் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

நம் சென்னைக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. 2016 ஜனவரி 31 அன்று, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையைச் சென்னையில் விரித்து, கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

மனதுக்கும் நல்லது என்கிறார்கள். பின்னும் பழக்கமுள்ள 3,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி, 2013-ல் வெளியான ஒரு சர்வேயில், அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களே சொன்னதுதான், மருந்துபோல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த நாலு நாள் நான் போனை அதிகம் எடுக்கவில்லை என்பது நிஜம்.

வீட்டில் ஒருவருக்குப் பின்னிக் கொடுக்க ஆசையா? அம்மாயி சொன்னவையும் நான் பட்டுத் தெரிந்தவையும்...

1. முதலில் குல்லா அல்லது மஃப்ளரில் தொடங்குங்கள். பிறந்த குழந்தையின் குல்லாவுக்கு 50 கிராம் உருண்டை ஒன்றே தாராளம். ஸ்வெட்டர் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. யாருக்கு, எந்த ஊருக்கு என்று பார்த்து நூல் வாங்குங்கள். சமவெளிக்குப் பருத்தி, மலைக்கு அக்ரிலிக் அல்லது கம்பளி. கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்து வாங்கினால் ‘குத்துது’ புகார் வராது.

3. தேவையான உருண்டைகளை ஒரே நேரத்தில் வாங்குங்கள். லேபிளில் ‘டை லாட்’ எண் ஒன்றாக இருக்கட்டும். எண் மாறினால் ஒரே நிறம்கூட லேசாக வித்தியாசப்படும்.

4. பழைய முறைப்படி ஊசியில் எண் கூடினால் தடிமன் குறையும். 8-ம் நம்பர் 4 மில்லிமீட்டர். 10-ம் நம்பர் 3.25 மில்லிமீட்டர். நான் தலைகீழாக நினைத்து முதலில் தப்பாக எடுத்தேன்.

5. குழந்தைக்கு என்றால் நீளமான நாடா, குஞ்சம், லூசான பட்டன் வேண்டாம். விரல் மாட்டாத அளவுக்கு நெருக்கமாகப் பின்னுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிட வேண்டும். குழந்தையின் உடல் சூடு தலை வழியாகவும் வெளியேறும்.

6. துவைக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியக் கூடாது. கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், நிழலில் விரித்துக் காயவைக்க வேண்டும்.

7. இது வாங்கிக்கொள்கிறவர்களுக்கு. குறை இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால், எத்தனை நாள் ஆச்சு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என் கிளிப்பச்சை ஸ்வெட்டருக்கு 40 நாள் ஆகியிருக்கிறது. மூன்று வருடம் கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நோட்டில் இல்லாத பக்கம்

டிசம்பரில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மாயியின் மஞ்சள் ஸ்வெட்டர் அளவெடுத்த மாதிரி இருந்தது. என் குல்லா புருவம் வரைக்கும் இறங்கியது. “பொங்கலுக்குள்ள சரியாயிடும்” என்றாள் அக்கா.

அந்தக் கிளிப்பச்சை ஸ்வெட்டரைத் தேடினேன். ஹாஸ்டல் மாறும்போது யாருக்கோ கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று நினைவில்லை. அவருக்காவது குத்தாமல் இருக்கட்டும்.

குன்னூரிலிருந்து கிளம்பிய அன்று இன்னொன்றையும் கவனித்தேன். அந்த நோட்டில் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் பக்கம் இருந்தது. அம்மாயிக்கு மட்டும் இல்லை. 60 வருடமாகப் பின்னுகிறவருக்கு, யாரும் ஒன்றும் பின்னிக் கொடுத்ததே இல்லை.

ஆபீஸ் முடிந்து இரவில் தினம் பத்து வரிசை என்று, ஒன்றரை மாதத்தில் ஒரு மஃப்ளர் முடித்தேன். அரக்கு நிறம். நடுவில் ஓரிடத்தில் கண்ணி விட்டுப்போய், ஒரு பக்கம் ஒல்லியாக இருக்கும். முறுக்குக்குப் பதில் கொஞ்சம் மிக்சர் வாங்கி, அதற்கு அடியில் மஃப்ளரை வைத்துப் பார்சல் போட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

“வந்துச்சு கண்ணு. எத்தனை நாளாச்சு இதைப் பின்ன?”

“நாப்பத்தஞ்சு நாள் அம்மாயி. நல்லாயிருக்கா?”

“ரொம்ப நல்லாயிருக்கு சாமி. இப்பக்கூடக் கழுத்துலதான் போட்டிருக்கேன்” என்றவர், கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“என்ன... கொஞ்சம் குத்துது!”

அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.