கல்லுக்குள் பூட்டிய காற்று

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கல்லைப் புரட்டினால் சிப்பி கிடைக்கும். தடித்து வளைந்த ஓடு. விளிம்பில் ஏடு ஏடாக அடுக்குகள் தெரியும். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் கிடந்தது. அந்த ஓட்டைக் கொஞ்சம் இடித்து, பொடியின்மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். மெல்ல நுரை கட்டும். வெளிவருவது கரியமில வாயு. பழங்கடலில் கரைந்திருந்ததைச் சிப்பி தன் ஓட்டுக்குள் பூட்டி வைத்தது. பூமி இத்தனை காலம் உயிர் தாங்கி நிற்பதில் இந்தப் பூட்டுக்கும் பங்குண்டு என்று அறிந்தபின், அந்தக் கல்லைக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

சூரியன் இளமையில் இப்போதைய ஒளியில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் தந்தது. இன்றைய காற்று அன்று இருந்திருந்தால் கடலெல்லாம் உறைந்திருக்கும். உறையவில்லை. வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கரியமில வாயு போன்ற வாயுக்கள் அன்று காற்றில் மிகுந்திருந்தன. பின்னர் சூரியன் பிரகாசமாக ஆக, அவை குறைந்துகொண்டே வந்தன. குறைத்தது யார்?

மழைதான். விழும் துளி காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்து மெல்லிய அமிலமாகிறது. அது பாறையைத் தின்கிறது. கரைந்த சுண்ணத்தை ஆறு கடலில் சேர்க்க, சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதை ஓடாக்கிக்கொள்கின்றன; ஓடுகள் படிந்து கல்லாகின்றன. கடல்தளம் பூமிக்குள் அமிழும் இடங்களில் அந்தக் கல் வெந்து, எரிமலை வழியாக வாயு மீண்டும் காற்றுக்கு வருகிறது. வெப்பம் கூடினால் மழை பெருகும், பாறை விரைந்து கரையும், வாயு குறையும். குளிர்ந்தால் கரைவது மந்தமாகும், எரிமலை விடும் மூச்சு காற்றில் சேரும். துளிக்கும் கல்லுக்கும் இப்படி ஒரு நியதியை வகுத்தவன் கருணையை என்னென்பது!

அந்த நியதிக்கும் சோதனை வந்தது. ஏறக்குறைய 72 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலநடுக்கோடு வரை பனி பரவியது. வெண்பனி சூரிய ஒளியைத் திருப்பியடிக்க, குளிர் மேலும் இறுகியது. மீளவே வழியில்லை என்று தோன்றும் நிலை. ஆனால் பனி மூடிய பாறையை மழை தொட முடியாது; எரிமலையோ அணையவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் வாயு சேர்ந்து சேர்ந்து, கடைசியில் பனியை உருக்கிவிட்டது. நமீபியாவின் மலைச்சரிவுகளில் இதைக் கண்ணாலேயே காணலாம்: பனி உருட்டி வந்த கல்லும் மண்ணும் கீழே, அதன் தலைமேல், இடைவெளியே இல்லாமல், வெதுவெதுப்பான கடலில் படிந்த சுண்ணப்பாறை.

பிறகும் காலநிலை ஓரிடத்தில் நிற்கவில்லை. 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா தென் துருவத்தை ஒட்டிக் கிடந்தபோது பனியாறுகள் இழுத்துப் போட்ட பாறைகள் ஒடிசாவின் தால்செரில் இருக்கின்றன. 9 கோடி ஆண்டுகளுக்கு முன்போ அண்டார்க்டிகாவிலேயே காடு. அதன் வேர்கள் பின்னிய மண்ணைக் கடலடியிலிருந்து துளையிட்டு எடுத்திருக்கிறார்கள்.

அரியலூர்க் கல் இப்போது சிமெண்ட் சூளைக்குப் போகிறது. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல் வெந்தால் 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். அதையும் மழை மீண்டும் கடலுக்கு இறக்கிக் கல்லாக்கும். அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.